கன்னிவேட்டை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தத்தம் ஊரின் மரபு ஒன்றைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேசுவது நம் சங்கத்தின் நல்ல வழக்கம். தஞ்சைத் தரணியைச் சேர்ந்தவர் பேசினால் இசையைப் பேசுவார். செட்டிநாட்டார் பேசினால் மாளிகையைப் பேசுவார். வட்டவடைக்காரனாகிய நான் எதைப் பேசுவது? எங்கள் மலையில் மாளிகையும் இல்லை, மண்டபமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குக் கையளித்து வந்த ஒன்று உண்டு. அது மான் வேட்டை. அதைப் பற்றியே பேசத் துணிந்தேன். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் சற்றே முகம் சுளித்தார். முழுவதும் கேட்ட பிறகு சுளியுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

வட்டவடை எங்கிருக்கிறது என்று அறியாதார் இங்கே பலர் இருக்கக்கூடும். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால், பாம்பாடும் சோலையைக் கடந்து எங்கள் ஊர் வரும். கோவிலூர், பழத்தோட்டம், சிலந்தியாறு, கொட்டக்கம்பூர் என்பன அக்கம்பக்கத்து ஊர்கள். 5,000 அடிக்கு மேற்பட்ட உயரம். படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும், உருளைக்கிழங்கும், கேரட்டும், பீன்ஸும் விளைகின்றன. 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தோடு நின்றது. ஆயினும் அடுப்படியிலும் வயற்காட்டிலும் எங்கள் பேச்சு இன்றும் தமிழே. மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்த குடிகள் நாங்கள் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் செய்தி. எங்களுக்கு முன்பிருந்தே அம்மலையை அறிந்தவர்கள் முதுவர். அவர்களும் தாங்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லுவார்கள். மதுரைக்கு எத்தனை பிள்ளைகளோ, மீனாட்சியே அறிவாள்!

இனிச் செய்திக்கு வருகிறேன். என் பாட்டனார் வேட்டைக்காரர். சட்டம் வருவதற்கு முந்திய காலத்து மனிதர். இந்தக் குடியிருப்பில் வாழும் மலையூர்க் குடும்பங்கள் சிலவற்றிலும் அப்படி ஒரு பாட்டனார் இருந்திருப்பார். நம் பிள்ளைகளோ பள்ளியில் வனவிலங்கு வாரம் கொண்டாடுகிறார்கள். மானுக்கு வண்ணம் தீட்டிப் பரிசு பெறுகிறார்கள். விடுமுறைக்கு ஊர் சென்று, சுவரில் மாட்டியிருக்கும் கொம்பைக் கண்டு, "தாத்தா மானைக் கொன்றாரா?" என்று கேட்கிறார்கள். நாம் என்ன விடை சொல்லுகிறோம்?

இரண்டு விடைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, "உன் பாட்டன் ஒரே குண்டில் வீழ்த்துவாராக்கும்!" என்று மீசையை முறுக்கும் விடை. மற்றொன்று, "அதெல்லாம் அந்தக் காலம், போய்ப் பாடத்தைப் படி" என்று வாயை அடைக்கும் விடை. முன்னதைக் கேட்ட பிள்ளை கொலையே வீரம் என்று எண்ணிக்கொள்ளும். பின்னதைக் கேட்ட பிள்ளை தன் குடியைப் பற்றி நாணிக் குறுகும். இரண்டுமே வேட்டை மரபு இன்னது என்று அறியாமல் சொல்லும் விடைகள் என்பது என் துணிபு.

மகனை முதன்முதலாக வேட்டைக்கு அனுப்புவது எப்படி என்பதற்குத் தமிழில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரிய புராணத்தில் கண்ணப்ப நாயனார் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். உடுப்பூர் வேடர் தலைவன் நாகன். அவன் மனைவி தத்தை. முருகன் அருளால் நெடுநாட் கழித்துப் பிறந்த மகன் திண்ணன். பருவம் வந்ததும் நாள் பார்த்து, ஊரைக் கூட்டி விருந்திட்டு, வில்வித்தை பயிற்றுகிறார்கள். நாகனுக்கு முதுமை வந்துவிடுகிறது. வேட்டை குறைகிறது. விலங்குகள் பெருகிப் புனத்தை அழிக்கின்றன. வேடர்கள் வந்து முறையிடுகிறார்கள். அதன் பின்னரே நாகன் மகனை அழைத்துத் தலைமையைக் கொடுக்கிறான். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். திண்ணன் முதன்முதலாகச் செல்லும் அந்த வேட்டைக்குக் கன்னிவேட்டை என்று பெயர். தமிழில் இப்படி ஒரு சொல் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்கு மறந்துவிட்டது.

இங்கே கருத வேண்டியவை இரண்டு. வேட்டைக்குக் காரணம் விளையாட்டு அன்று, விளைநிலத்தின் காவல். இரண்டாவது இன்னும் நுட்பமானது. வலை கட்டி, நாய்களை ஏவி, காடே அதிரும்படி வேட்டை நிகழும் அந்த இடத்தில், வேடர்கள் எவற்றைக் கொல்லாமல் விட்டார்கள் என்பதையும் சேக்கிழார் நின்று சொல்லுகிறார். யானைக் கன்றைத் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடி தளர்ந்த பிணையை அலைக்கவில்லை. சைவ அடியாராகிய அவர் வேட்டையை வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை, அதற்குள் இருந்த ஒழுக்கத்தைக் கண்டு எழுதி வைத்தார். மகனுக்குத் தந்தை கொடுத்த முதற்பாடம் எதை விட வேண்டும் என்பதே.

நம் தாய்மார்களுக்கு வள்ளி கதை நன்கு தெரியும். மான் வயிற்றில் பிறந்த மகள். வேடர் தலைவன் நம்பி வீட்டில் வளர்ந்து, பரண் மீதிருந்து தினைப்புனம் காத்தவள். மானைக் கொன்று உண்ட குடியே மானின் மகளைத் தன் மகளாக வளர்த்தது என்று கதை கட்டிய மலைமக்களின் உள்ளம் எளிய உள்ளம் அன்று.

எங்கள் மலையில் இப்பாடம் எப்படி நடந்தது என்பதை என் தந்தையார் வாயால் கேட்டவாறு சொல்லுகிறேன். சிறுவனாக இருந்த அவருக்குப் பாட்டனார் துப்பாக்கியைத் தொடக் கொடுக்கவே இல்லை. முதலில் கற்பித்தது காற்று. மண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி உயரே தூவு. எந்தப் பக்கம் சாய்கிறது பார். காற்று உன் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் உன் வாடை உனக்கு முன்னே போய்விடும் என்பார். மலையிலே காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே ஏறும். அந்தியில் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். இதை அறியாதவன் நாளெல்லாம் நடந்தாலும் ஒரு வாலைக்கூடக் காணமாட்டான்.

அடுத்தது சுவடு. கடமானின் குளம்படி இரு பிளவாகப் பதிந்து முன்புறம் கூர்மையாக இருக்கும். காட்டுப்பன்றியின் அடியும் பிளவுபட்டதே. ஆனால் ஈரமண்ணில் அதன் பின்னே இரு பக்கமும் சிறு நகங்கள் பதிந்திருக்கும். சுவட்டின் ஓரம் கூர்மையாக நின்றால் அது புதியது. பனி விழுந்து ஓரம் உதிர்ந்திருந்தால் பழையது. மரப்பட்டை உராய்ந்து கிடந்தால் ஆண் கடமான் தன் கொம்பின் மேல்தோலைத் தேய்த்த இடம். சேறு குழம்பிக் கிடந்தால் அது புரண்ட இடம். மண்ணை நக்கிய குழி இருந்தால் அங்கே உப்பு இருக்கிறது; இன்றில்லாவிடினும் நாளை வரும்.

மூன்றாவது ஓசை. கடமான் அஞ்சினால் காலைத் தரையில் உதைத்து, மணி அடித்தாற்போல ஒரு குரல் எழுப்பும். கேளையாடு நாய் குரைப்பதுபோலக் குரைக்கும். பழகாதவன் அருகில் ஏதோ ஊர் இருக்கிறது என்று எண்ணி வழி தவறுவான். கேளையாடு விட்டு விட்டு நெடுநேரம் குரைத்தால் புலியோ சிறுத்தையோ அங்கே நடமாடுகிறது. சோலையில் கருமந்தி உறுமினால் நின்றுவிடு. ஒன்றுமே கத்தாவிட்டால்? "அப்பொழுதுதான் இன்னும் கவனமாக இரு" என்பது பாட்டனார் சொல்.

பிறகு பிணை எது, கலை எது, குட்டியைப் புதரில் ஒளித்துவிட்டு மேயும் தாய் எது என்று பிரித்தறிதல். கடமான் எட்டுத் திங்கள் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். ஆகையால் ஒரு பிணையைக் கொல்வது பல ஆண்டுக் கொலை. கடைசியாகத்தான் துப்பாக்கி. இத்தனை படிகளில் ஒரே ஒரு படிதான் கொலை. அதுவும் இறுதிப் படி. வேட்டைக்குச் சென்ற நாள்களில் பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பிய நாள்களே என்பதையும் தந்தையார் சொல்லத் தவறியதில்லை. முதுவர் குடிகளில் இளைஞர் தங்குவதற்கெனத் தனியே ஒரு சாவடி உண்டு. அங்கே முதியோர் வாயால் கேட்டும், பகலில் அவர் பின்னே நடந்தும் பிள்ளைகள் காட்டைக் கற்றார்கள். என் பாட்டனாருக்கு ஆசான்மாராக இருந்தவர்களும் முதுவரே. இதை எங்கள் வீட்டில் மறைத்ததில்லை.

இவ்வளவு சொன்னதால், பண்டை வேட்டைக்காரர் எல்லாம் தவசீலர் என்று கொள்ள வேண்டா. கம்பிக் கண்ணி வைத்தவர்களும் இருந்தார்கள். கண்ணிக்குப் பிணை எது, குட்டி எது என்று தெரியாது. மின்விளக்கு வந்தது, இருளில் ஒளியைப் பாய்ச்சினால் மான் கண் கூசி நின்றுவிடும். நின்ற விலங்கைச் சுடுவதற்குக் காற்றும் வேண்டா, சுவடும் வேண்டா. இரண்டு கண்கள் மின்னினால் போதும். ஜீப் வந்தது, இறைச்சிக்கு விலை வந்தது. மரபு என்று நான் எதைச் சொல்லுகிறேனோ அதைக் கொன்றது சட்டம் அன்று. விளக்கும் விலையும் முன்னரே கொன்றுவிட்டன. குழந்தைகளிடம் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுவது நேர்மை ஆகாது.

துரைமார் வேட்டையையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 1877ஆம் ஆண்டு மன்றோ என்னும் துரை, பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். தேயிலை வந்தது, தோட்டத் துரைமாரின் வேட்டையும் வந்தது. அவர்கள் சங்கம் அமைத்து, விதிகள் வகுத்து, முதுவர்களையே காவலர்களாக வைத்துக்கொண்டார்கள். மூணாற்றில் உள்ள ஹைரேஞ்ச் கிளப்பின் சுவரில் அக்காலத்து விலங்குத் தலைகளை இன்றும் காணலாம். பசிக்கு வேட்டையாடியவன் திருடன் ஆனதும், பொழுதுபோக்கிற்கு வேட்டையாடியவர் கனவான் ஆனதும் அந்நாளைய நீதி. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வரையாடுகள் நின்று பிழைத்ததற்கு அந்தக் காவலும் ஒரு காரணம். 1971இல் அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. இரவிகுளம் 1975இல் சரணாலயமும் 1978இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியைக் காத்தவர்களில் முதுவரின் கண்ணும் காலும் முதன்மையானவை. வேட்டைக்குப் பயின்ற கண் காவலுக்கும் அப்படியே பயன்பட்டது; புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சிலவற்றை உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்துவிட்டது. இன்று கடமானையோ புள்ளிமானையோ கேளையாட்டையோ கொல்வது சிறைக்குரிய குற்றம். மலை விழாவுக்கு என்றும் விதிவிலக்கு இல்லை. பாட்டன் காலத்து வழக்கம் என்றும் இல்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு 2022 முதல் கேரளத்தில் உள்ளாட்சி மன்றங்களின் வழியாக ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. அது பன்றிக்கு மட்டுமே. இரவெல்லாம் பரணில் விழித்திருந்தும் விடியலில் அழிந்த பாத்தியைக் காணும் உழவனின் துயரம் எனக்குத் தெரியும். அதற்கு வேலியும் இழப்பீடும் வேண்டும் என்று கேட்பது முறை. அதைச் சாக்காக வைத்து மான் கறிக்கு வழி தேடுவது முறை அன்று.

"அமெரிக்காவில் மட்டும் எப்படி?" என்று இளைஞர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் தமையனார் அங்கே பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறாராம். அங்கே மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிகள் பல விடுமுறை விட்டன. தந்தை மகனோடும் மகளோடும் காட்டுக்குச் செல்வது குடும்பத் திருவிழா. நெடுங்காலம் நவம்பர் இறுதியில் வரும் ஒரு திங்கட்கிழமையாக இருந்த அந்நாள், 2019 முதல் சனிக்கிழமை ஆயிற்று. செய்தி உண்மையே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். 1900ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வெள்ளைவால் மான்கள் கட்டற்ற வேட்டையால் ஏறத்தாழ 5 இலட்சமாகக் குறைந்துபோயின. பிறகு கட்டுப்பாடு வந்தது. 1937இல் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள வரியைக் காட்டுயிர் வளர்ச்சிக்கே செலவிடச் சட்டம் செய்தார்கள். 1949இல் நியூயார்க் மாநிலம், இளையோர் பயிற்சி பெறாமல் உரிமம் பெற இயலாது என்று விதித்தது, மற்றவை பின்தொடர்ந்தன. இன்று மான்கள் ஏறத்தாழ 3 கோடி. அவற்றை உண்ண வேண்டிய ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பெரும்பாலான இடங்களில் முன்பே ஒழித்துவிட்டார்கள். ஆகவே அங்கே மனிதன் அந்த வேலையைச் செய்கிறான். நம் காட்டில் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, கூட்டமாக வந்து கடமானை நீருக்குள் விரட்டி மடக்கும் செந்நாய் இருக்கிறது. நம் மான்களுக்கு உரியவர்கள் ஏற்கெனவே பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் இலை போட இடமில்லை.

அப்படியானால் மரபு முடிந்தது என்பதா? நம் முன்னோர் இத்தகைய நிலையை ஒருமுறை கடந்திருக்கிறார்கள். நம் கோயில்களில் பாரிவேட்டை நடக்கிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் பள்ளிவேட்டை நடக்கிறது. அரச குடும்பத்தின் தலைவர் வில்லேந்தி வருவார். அம்பு எய்வது ஓர் இளநீர்க்காயின் மேல். வில் உண்டு, அம்பு உண்டு, இருளில் ஓசையடங்கிய நடை உண்டு, உயிர்க்கொலை இல்லை. கொலையை எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த மற்றவற்றைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன். காற்றறிதலைச் சட்டம் தடுக்கவில்லை. சுவடு படிப்பதற்கு உரிமம் வேண்டா. நம் பிள்ளைகள் மானைத் தொலைக்காட்சியில் காண்கிறார்கள். அங்கே மான் தானாக வந்து நிற்கிறது. மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து, கொசுக்கடியைப் பொறுத்து, கடைசியில் புல்லுக்கு மேலே இரண்டு காதுகள் அசைவதை மட்டும் கண்டு திரும்பும் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி வேறு. பாட்டனைப் பற்றிப் பிள்ளை கேட்டால், "ஆம், கொன்றார், அக்காலத்தில் அது குற்றம் அன்று. கொல்வதற்கு முன் இவ்வளவும் கற்றார். வா, அவர் கற்றதை உனக்குக் காட்டுகிறேன்" என்று சொல்லலாமே! மெய்யும் சொன்னதாகும், குடிப்பெருமையும் கெடாது. ஆனால் அதைச் சொல்லுவதற்கு நமக்கே அது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது என் தந்தையாருக்குத் தெரிந்ததில் பாதி. அவருக்குத் தெரிந்தது பாட்டனாருக்குத் தெரிந்ததில் பாதி. கணக்குத் தெரிந்த பிள்ளைகள் மேற்கொண்டு கழித்துப் பார்க்கலாம்.

ஊர்வீட்டுச் சுவரில் உள்ள கொம்பைப் பற்றியும் சிலர் தனியே கேட்டார்கள். பொதுவில் சொல்லிவிடுகிறேன். பழைய கொம்பானாலும் உடைமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2003ஆம் ஆண்டு விதிகளின்படி அறிவிப்புச் செய்ய 180 நாள் தவணை கொடுத்தார்கள். அது முடிந்து நெடுநாளாயிற்று. சான்று உள்ளவர்கள், தேவையில்லை என்று கருதினால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வனத்துறையிடம் ஒப்படைக்கலாம், விலை கிடைக்காது. சான்று இல்லாதவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு முறைப்படி நடக்க வேண்டும். எவரும் அதைப் பெட்டியில் வைத்து இரயிலில் இந்தக் குடியிருப்புக்குக் கொண்டுவர வேண்டா. காட்டில் தானே உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் எடுக்கலாகாது. கடமானுக்குக் கொம்பு விழுந்து முளைப்பது; விழுந்ததை முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும். அதற்குரியதை அதற்கு விட்டுவிடுவோம்.

இனி ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லச் சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக ஏறுவோம். சின்னாறு வறண்ட காடு; புள்ளிமான் கூட்டத்தை அங்கே எளிதில் காணலாம். மறையூரில் முனியறைகளைப் பார்ப்போம். மூணாறு கடந்து வட்டவடை சேருவோம். 2006இல் அமைந்த குறிஞ்சிமலைச் சரணாலயமும் எங்கள் பக்கமே. குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த முறை பூக்கும்போது இப்பிள்ளைகளில் சிலர் கல்லூரிக்குச் சென்றிருப்பார்கள். காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியோடு, அவர்கள் அனுப்பும் மலைவாழ் வழிகாட்டியின் பின்னேதான் நடப்போம். அவர் சொல்வதே சட்டம். தந்தைமார் குறுக்கே பேசக்கூடாது.

பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். வேட்டை ஆண்பிள்ளைகளின் மரபாக இருந்திருக்கலாம், புனங்காவல் வள்ளியுடையது. மங்கலான பச்சை அல்லது பழுப்பு நிற உடை போதும். வெள்ளைச் சட்டையும் மணக்கும் தைலமும் பூவும் வேண்டா. கம்பளி கட்டாயம். கைப்பேசி பெற்றோரிடமே இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் நான் தருகிறேன். கண்ட சுவடு ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து வர வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் நாடகம் முடிந்ததும் செயலாளர் அவர்களைக் காணுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே. இருபது பேருக்குத்தான் இடம்.